இருபதாவது ஓடு

பயப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொலைபேசி அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பாள். அடிக்காமல் இருந்தால், ஆகிவிட்டதால்தான் அடிக்கவில்லை என்று நினைப்பாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறாவது மாடியில் நின்றுகொண்டு, காலுக்குக் கீழே வெறும் இருட்டு இருக்க, கீழே நிற்கிறவனோடு ஊர்க்கதை பேசுகிற மனுஷர். மனைவியைப் பற்றி உறவுக்காரர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எங்க வீட்ல நான் மேலயும் போவேன் கீழயும் போவேன். இவ கீழ மட்டும்தான் போவா. அதுக்கே இவளுக்குப் படபடப்பு."

கீழே போவது என்று அவர் சொன்னது அவள் பிழைப்பை. பழங்காலக் குடியிருப்பு ஒன்று புதைந்து கிடக்கிற மேட்டு நிலத்தில், கயிறு கட்டிச் சதுரமாகக் குழி வெட்டி, மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, எடுத்ததையெல்லாம் சலித்து, அதில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கிற அகழாய்வு வேலை. இருபத்து நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

அங்கே வந்து சேர்ந்ததும் பயத்தால்தான். பள்ளியின் கடைசிப் பரீட்சையில், கணக்குத் தேர்வு அன்று, கடைசி இரண்டு கணக்குக்கும் விடை தெரியும், தாள் தீர்ந்துவிட்டது. கையைத் தூக்கி இன்னொரு தாள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மேற்பார்வைக்கு வந்தவர் முரட்டு மீசைக்காரர். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாலு மார்க்கில் படிப்பு போயிற்று. வீட்டில் கேட்டபோது கணக்கு வரவில்லை என்று சொன்னாள். தாள் கேட்கப் பயம் என்று சொன்னால் இன்னும் அசிங்கம் அல்லவா.

பத்தொன்பது வயதில், ஒரு சீசனுக்கு உடைந்த பானை ஓடுகளைக் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனாள். ஓட்டைத் தண்ணீரில் போட்டு பல் விளக்குகிற பிரஷால் தேய்க்க வேண்டும். அடுத்த சீசன் சல்லடைக்கு மாற்றினார்கள். சல்லடையில்தான் தெரிந்தது, பயந்தவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று. விட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே மிளகு அளவு மணியைக்கூட எடுத்துவிடுவாள். அகழாய்வை நடத்துகிற பேராசிரியருக்கு அப்போது தலைமுடி கறுப்பு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து வருஷம் கழித்து, குழி தோண்ட ஆசைப்பட்டு வருகிற தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையை அவளிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவள் பெயர் டீச்சர். பத்தாண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்கு உள்ளூர ஒரு நடுக்கம். யாராவது ஒருநாள் எழுந்து, நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்டுவிடுவார்களோ என்று. இத்தனைக்கும் யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வருஷமும் முதல் நாள், புதுத் தொப்பியும் புதுக் கையுறையுமாக வந்து நிற்கிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது கொத்துக்கரண்டியைப் பற்றி அல்ல.

"இங்க தப்பே பண்ணாதவங்கன்னு யாரும் கிடையாது. கரண்டி பட்டு உடைஞ்சிடுச்சா, சீட்டு மாறிடுச்சா, வாளி மாறிடுச்சா, அப்படியே வேலைய நிறுத்திட்டு கையத் தூக்குங்க. நான் திட்ட மாட்டேன். மறைச்சாதான் திட்டுவேன். மண்ணு ஒரு தடவைதான் பேசும். சரியா கேக்கல, திரும்பச் சொல்லுன்னு அதுகிட்ட கேக்க முடியாது."

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்காது. ஊருக்கு உபதேசம் செய்யும்போது யாருக்குத்தான் நடுங்கும்.

இந்த வருஷம் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். நாய்தான் மூன்று தடவை கடித்ததாம். இன்னொருவர் பிரசவ வார்டு நர்ஸ். ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வாளி தூக்கித் தூக்கி மூன்றாம் நாளே சிஸ்டருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை. "பதினோரு கிலோ சூட்கேஸ தூக்கிட்டு வந்தேன், சும்மா உக்காரவா" என்பார்.

பயிற்சியில் ஒரு தந்திரம் உண்டு. பழைய சீசன்களில் மேல்மண்ணில் கிடைத்த, எந்த அடுக்கு என்று தெரியாததால் எதற்கும் உதவாத ஓடுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதில் சிலவற்றை எடுத்து, உள்பக்கம் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, மேலே ஈர மண்ணைப் பூசி மறைத்து, சலிக்கப் போகிற மண்ணில் கலந்துவிடுவாள். சலிக்கிறவர்களுக்குத் தெரியாது. சாயந்திரம் தட்டுகளைப் பார்த்து, எத்தனை பொட்டு ஓடு திரும்பி வந்தது என்று எண்ணினால், யார் கண் எப்படி என்று தெரிந்துவிடும். பொட்டு இருந்தால் பொய், இல்லாவிட்டால் மெய்.

இதைப் பயிற்சிக்கென்றே வெட்டிய பழகு குழியில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்பது பேராசிரியரின் உத்தரவு. ஆனால் பழகு குழியில் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நிஜக் குழிக்குப் போனதும் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையான பொருள் ஒன்று சல்லடையிலிருந்து, கழிவைக் கொட்டுகிற மண்மேட்டுக்குப் போய்விட்டால்? இந்தப் பயத்தில் இந்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல், நிஜக் குழியிலிருந்து வந்த வாளிகளிலேயே இருபது பொட்டு ஓட்டைப் போட்டுவிட்டாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

புதன்கிழமை சாயந்திரம் தட்டுகளிலிருந்து பொட்டு ஓடுகளைப் பொறுக்கி எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.

இருபதாவது ஓடு, ஏழாம் அடுக்கு, செவ்வாய்க்கிழமை, முப்பத்தோராம் வாளி என்று அவள் பாக்கெட் நோட்டில் இருந்தது. அன்று சல்லடை முறை சிஸ்டருடையது. சரி, சிஸ்டர் விட்டிருப்பார், மண்மேட்டில் கிடக்கும், மணிக்கட்டு வலியோடு அவ்வளவு சலித்ததே பெரிது என்று நினைத்து நோட்டை மூடிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, கழுவுகிற மேஜையில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். ஏழாம் அடுக்குத் தட்டு. ஓடு ஓடாகத் தேய்த்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தவர், ஒன்றைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு எழுந்துபோய் பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டினார்.

"சார், இதுல விலாசம் மாதிரி என்னமோ எழுதியிருக்கு."

உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். வெளிப்பக்கம் ஒரு வட்டம், அதன் பக்கத்தில் சாய்ந்த மூன்று கோடு, அப்புறம் ஏணி போல ஒன்று. பானை சுட்ட பிறகு யாரோ கூரான எதையோ வைத்துக் கீறியது. எழுத்தோ, எழுத்துக்கு முந்தின ஏதோ ஒன்றோ. அந்த மேட்டில் இவ்வளவு ஆழத்தில் அப்படி ஒன்று இருந்தால், அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி இதுவரை எழுதியதையெல்லாம் திருத்தி எழுத வேண்டும். பேராசிரியர் பதினோரு சீசனாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஓட்டைக் கையில் வாங்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தன்னார்வலர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டே தட்டின் மேல் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஏழாம் அடுக்கு, செவ்வாய், வாளி முப்பதிலிருந்து முப்பத்து மூன்று.

அதில் முப்பத்தொன்றும் அடக்கம்.

ஓட்டை அவள் கையிலும் கொடுத்தார்கள். திருப்பி உள்பக்கம் பார்த்தாள். பொட்டு இல்லை. பொட்டு இல்லாவிட்டால் மெய். ஆனால் கழுவின ஓட்டில் பொட்டு எப்படி இருக்கும்? புதன்கிழமை எண்ணும்போது மண்ணுக்கு அடியில் கண்ணில் படாமல் போய், இப்போது ஊறின நகப்பூச்சு பிரஷில் உரிந்து போயிருந்தால்? பொட்டு வைத்த அன்று ஒரு ஓட்டின் வெளிப்பக்கம் கட்டை விரலில் ஏதோ கீறல் தட்டுப்பட்டது நினைவுக்கு வந்தது. ஒரு கீறலா, மூன்றா? அவசரத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தக் கீறல் நிஜமாகவே இருந்ததா, இப்போதைய பயத்தில் முளைத்ததா என்பதும் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அது மேல்மண் ஓடாக இருந்தால், நூறு வருஷத்துக்கு முந்தின எவனோ ஆடு மேய்த்துக்கொண்டே கிறுக்கினதாகக்கூட இருக்கும். அதை வைத்துப் பேராசிரியர் வரலாற்றை எழுதப் போகிறார். வாய் திறந்தால் இருபத்து நாலு வருஷ வேலை போகும். படிக்காதவளை டீச்சராக வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பேச்சு வரும். திறக்காவிட்டால், ஒரு பொய் அவள் கையால் புத்தகத்தில் ஏறும். திருடனுக்குத் தேள் கொட்டினது போல அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் அலமாரியைக் குடைந்து அந்த நகப்பூச்சுப் புட்டியை எடுத்தாள்.

"அது எதுக்கும்மா? ரொம்பப் பழசு, தண்ணி ஊத்திக் கலக்கி வெச்ச மாதிரி இருக்கும்" என்றாள் மகள்.

"சும்மாதான்."

உடைந்த பூந்தொட்டியின் சில்லு ஒன்றில் பொட்டு வைத்து, காயவிட்டு, ஈர மண்ணில் புதைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறைத் தொட்டியில் பிரஷால் தேய்த்தாள். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். ஒன்பதாவது தேய்ப்பில் ஓரம் கிளம்பியது. பதினாலாவதில் பொட்டு முழுசாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. ஒரு சின்னச் சிவப்புத் தோல். அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிலையைக் கணவர் வாசலிலிருந்து பார்த்தார்.

"என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெயில்ல கறுக்கத்தானே செய்யும்? சரி, அந்த வேலைச் சட்டையக் கழட்டிப் போடு. நேத்து ஒரு பட்டன் தெச்சுக் கொடுத்தேன்ல, மீதி எல்லாம் எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருக்கு."

அவள் வேலைக்குப் போடுவது அவருடைய பழைய லிஃப்ட் கம்பெனிச் சட்டை. நீலம், நீலப் பட்டன். வலது கை மடிப்பில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. வீட்டில் இருந்த ஒரு வெள்ளைப் பட்டனைத் தைத்துக் கொடுத்திருந்தார். பட்டனைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையிலா அவள் இருந்தாள். கணவரிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் சிரித்துவிடுவார் என்று பயம். சிரிக்காவிட்டால் இன்னும் பயம்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே, யாரும் வராத நேரத்தில், அவள் மண்மேட்டின் முன் கைச்சல்லடையோடு உட்கார்ந்திருந்தாள். சலித்துப் பொறுக்கின பிறகு மிஞ்சுகிற கல்லும் கட்டியும் சல்லடையிலிருந்து அங்கேதான் கொட்டப்படும். இருபதாவது ஓடு பொட்டோடு அந்த மேட்டில் கிடைத்துவிட்டால், கீறல் ஓடு மெய், அவள் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் அவள் தொலைந்தாள். செவ்வாய்க்கிழமை மண் எங்கே முடிகிறது, புதன்கிழமை மண் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும். அள்ளி அள்ளிச் சலித்தாள். கல், வேர், கல். மேடு அவள் உயரத்துக்கு மேல் இருந்தது. ஒரு ஆளாக அதைச் சலித்து முடிக்கப் பத்து நாள் ஆகும்.

"காலங்காத்தால என்ன டீச்சர், குப்பையக் கிளறிக்கிட்டு?"

சல்லடை கையிலிருந்து நழுவியது. தபால்காரர். அதிகாலையில் நடை போகிற பழக்கம் உள்ளவர்.

"சல்லடைக் கம்பி தளந்திருக்கான்னு பாக்கறேன்."

அவர் சல்லடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேட்டில் அவள் தோண்டியிருந்த பள்ளத்தைப் பார்த்தார். "தளராமத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார். எத்தனையோ வீட்டு வாசலில், கடிதத்தை வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தே உள்ளே என்ன செய்தி என்று தெரிந்துகொண்டவர் அல்லவா. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அன்று காலை முழுவதும் தபால்காரர் யாரோடு பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஓடு பஞ்சில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு படிவம்.

"உக்காரும்மா. ரெண்டு நிபுணருக்கு எழுதிட்டேன், திங்கக்கிழமை வராங்க. அறிக்கையில உன்னைப் பத்தி தனியா ஒரு பத்தி எழுதியிருக்கேன். நீ பழக்கின கண்ணு இல்லைன்னா இது மண்மேட்டுக்குப் போயிருக்கும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

படிவத்தின் கடைசி வரி: கண்டெடுத்த விதத்தில் ஐயம் ஏதும் உண்டா? இல்லை என்று அவரே டிக் செய்திருந்தார். கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தைக்கூட எழுத முடியவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அன்று நஷ்டம் அவளோடு போயிற்று. இன்று அப்படி இல்லை.

"சார், இது என்னோடதா இருக்கலாம்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பிஸ்கட் டப்பா, இருபது ஓடு, நிஜக் குழி வாளி, பூந்தொட்டிச் சில்லு, பதினாலாவது தேய்ப்பு, எல்லாம் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பழகு குழியில மட்டும்னு நான் சொல்லியிருந்தேன், இல்லையா?"

"ஆமா சார்."

"நீங்க வெளிய போய் எல்லாரையும் வரச் சொல்லுங்க. நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க."

இருபத்து நாலு வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னதே இல்லை. அந்த ஒரு சொல்லில் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டாள்.

பன்னிரண்டு பேர் முன்னால் நின்று சொன்னாள். முதல் நாள் கையைத் தூக்கச் சொன்ன அதே இடம். சிஸ்டர்தான் முதலில் கேட்டார், "அப்ப நீங்க எங்கள சோதிச்சீங்களா? எங்களுக்கே தெரியாம?"

"ஆமா சிஸ்டர். தப்புதான்."

"அந்த முப்பத்தோராம் வாளி அன்னைக்கு, சல்லடை என் முறைதானே?"

எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். தன் பயம் இன்னொருத்தர் முகத்துக்குப் போய் ஏறுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

பேராசிரியர் சுருக்கமாகச் சொன்னார். "திங்கக்கிழமை வர்ற நிபுணர்கள்கிட்ட நான் எதையும் மறைக்கப் போறதில்ல. அதுக்கு முன்னால, செவ்வாய்க்கிழமையிலிருந்து கொட்டின மண்ணு முழுசையும் திரும்பச் சலிக்கணும். பொட்டு ஓடு கிடைச்சா நமக்கு ஒரு கண்டுபிடிப்பு இருக்கு. கிடைக்கலன்னா இந்த ஓட்டத் தூக்கி அந்த பிஸ்கட் டப்பாவுல போட வேண்டியதுதான். விருப்பம் இல்லாதவங்க போகலாம்."

ஒருவரும் போகவில்லை. கோபம் இருந்தது; இருந்தும் சல்லடையைத் தூக்கினார்கள்.

சனிக்கிழமை முழுக்கச் சலித்தார்கள். புழுதியில் யார் முகமும் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டாக அவளிடம் வந்தது. ஒவ்வொரு ஓட்டையும் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். விட்டுப்போன ஓட்டுத்துண்டு ஏழு கிடைத்தது. ஒன்றிலும் பொட்டு இல்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லிஃப்ட் நின்னு போனா உள்ள இருக்கறவங்களுக்கு நாங்க சொல்றது ஒண்ணுதான். பயப்படுங்க, பரவாயில்ல, ஆனா கதவை மட்டும் நீங்களா திறக்காதீங்கன்னு" என்றார். "நீ பயப்படு. வேற எதுவும் பண்ணித் தொலைக்காதே." அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேடு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தபோது, தபால்காரரின் சல்லடை நின்றது. அவர் ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. தட்டில் இரண்டு பொருளை வைத்து, பதிவுத்தபால் கொண்டுவருகிறவர் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இது ரெண்டும் ஒரே கட்டியில ஒட்டிக்கிட்டு இருந்துது."

ஒன்று மண் பூசின ஓடு. பேராசிரியர் கட்டை விரலால் மண்ணை மெல்லத் தள்ளினார். உள்பக்கம் சிவப்புப் பொட்டு. வெளிப்பக்கம் ஒரே ஒரு கீறல், என்றைக்கோ எவர் கரண்டியோ பட்ட வெறும் கீறல். அவள் விரலுக்கு நினைவிருந்த அதே கீறல்.

இன்னொன்று ஒரு நீலப் பட்டன்.

"நம்ம ஓடு மெய்" என்றார் பேராசிரியர். "ஆனா இந்தக் கதை முழுசும் அறிக்கையில வரும். படிக்கறவன் பாதிதான் நம்புவான். நம்பட்டும்."

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். பிழைத்தோம் என்று நினைத்தாள். அப்போதுதான் சிஸ்டர் சல்லடைப் பதிவுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு வந்தார். செவ்வாய், வாளி முப்பத்தொன்று, சலித்தவர் என்ற இடத்தில் சிஸ்டரின் பெயர். காலையிலேயே முறைப்படி எழுதி வைத்துவிடுகிற பெயர்.

"நான்தான் விட்டிருக்கேன்" என்றார் சிஸ்டர். "முன்ன மாதிரி கண்ணு இல்ல போல. வார்டுல ராத்திரி மருந்து அளந்து கொடுக்கறவ நான். எனக்கே பயமா இருக்கு. நாளையிலிருந்து நான் வரல சார். மத்தவங்களுக்கு எதுக்கு இடைஞ்சல்."

பேராசிரியர் ஏதோ சமாதானம் சொன்னார். அவள் காதில் விழவில்லை. அவள் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்த் துணி சுத்திக்கிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன் என்று சல்லடையை வாங்கியது அவள்தான். பக்கத்தில் இரண்டு வாளி. ஓடு போட்டது அடுத்த வாளியில் என்று நினைத்துக்கொண்டு, சுற்றி நின்ற மூன்று பேருக்கு, இப்படிச் சுத்தணும், மணிக்கட்டால இல்ல, தோளால, என்று காட்டினாள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சலித்தாள். பேசிக்கொண்டே கொட்டினாள். எதிலோ மாட்டிச் சட்டைக் கை விருட்டென்று இழுபட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. இருபத்து நாலு வருஷத்தில் எதையும் விட்டதில்லை என்று பெயர் வாங்கின கண், தானே போட்ட ஓட்டை, தானே விட்டிருக்கிறது.

யாருக்கும் தெரியாது. சிஸ்டருக்கும் அந்த மூன்று பேருக்கும் அது எத்தனையாம் வாளி என்று தெரிந்திருக்காது. பட்டன் எந்தச் சட்டையிலிருந்தும் விழலாம். புத்தகத்தில் சிஸ்டர் பெயர் இருக்கிறது, சிஸ்டரே ஒப்புக்கொண்டும் விட்டார். வேலை தப்பிவிட்டது, இனி தப்ப வேண்டியது டீச்சர் என்ற பெயர் ஒன்றுதான். அதற்கு அவள் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டால் போதும். விரல் மடிப்பு வரைக்கும் போனது.

சிஸ்டர் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பிரசவ வார்டுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு முறை மருந்து அளக்கும்போதும் தன் கண்ணைத் தானே நம்பாமல் நிற்கப் போகிறவர். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் வலது கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, நேராக, காது ஓரமாக.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தபால்காரர்தான் பார்த்தார். அவர் கண் அவள் முகத்திலிருந்து சட்டைக் கைக்குப் போயிற்று. நீலப் பட்டன்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டன்.

"டீச்சர் கையத் தூக்கியிருக்காங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த வாளியச் சலிச்சது சிஸ்டர் இல்ல" என்றாள். "அவங்களுக்குக் கை வலின்னு நான் வாங்கிச் சலிச்சேன். வாய் பேசிக்கிட்டே சலிச்சேன். ஓடு என் கண்ணு முன்னாடி போயிருக்கு. அந்த பட்டன் என்னுது. சிஸ்டர், உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

சிஸ்டர் பாதி மடித்த கையுறையோடு அவளையே பார்த்தார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். "நல்லா இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பேராசிரியர் புத்தகத்தை வாங்கி மேஜையில் விரித்து, பேனாவை அதன் மேல் வைத்தார்.

"எழுது. நடந்ததை நடந்தபடி நீயே எழுதிடு."

நீ என்று சொன்னதை அவள் கவனித்தாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதத்தான் இடம் இருந்தது. இருபது ஓடு, இரண்டு வாளி, ஒரு பட்டன், எல்லாம் அதில் எங்கே அடங்கும்.

அவள் தூக்கின கையை இன்னும் இறக்கவில்லை.

"இடம் பத்தாது சார்" என்றாள். "இன்னொரு பேப்பர் வேணும்."